அக்கா சிரிக்கிறாள்

தொலைபேசியில் வந்த ஆண்குரல் நடுங்கியது. "எங்க அக்கா ரொம்ப சந்தோஷமா இருக்கா. கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

வேறு அலுவலகமாக இருந்தால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். தென்கொரியாவின் மொக்போ நகரத்து மனநல நெருக்கடிக் குழுவில் யாரும் சிரிக்கவில்லை. உளவியலாளர் ஹயோங் கையிலிருந்த காப்பிக் கோப்பையை அப்படியே கீழே வைத்தாள். எதிர் மேசையில் நர்ஸ் மிசுக் அதற்குள் காலணிக்குள் காலை நுழைத்துவிட்டிருந்தாள்.

அந்த வேலையில் சில வருஷம் இருந்தால் வருகிற கோளாறு இது. அழுகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பதற்றம் வராது. அழுகிறவர்களிடம் என்ன பேசுவது, எப்போது பேசாமல் பக்கத்தில் இருப்பது என்பதெல்லாம் கைவந்துவிட்டிருக்கும். காரணம் தெரியாத சந்தோஷத்தைக் கண்டால்தான் எழுந்து ஓடுவார்கள். மிசுக்கின் மகளுக்கு வேலை கிடைத்த அன்று அந்தப் பெண் வீட்டுக்குள் குதித்துக் குதித்து ஆடினாள். மிசுக் செய்த முதல் காரியம் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்ததுதான். ஹயோங்கின் கணவன் குளியலறையில் பாடினால், முந்தின இரவு அவன் எவ்வளவு நேரம் தூங்கினான் என்று இவள் மனசு தானாகக் கணக்குப் போடும். ஒருநாள் கேட்டும்விட்டாள். அதிலிருந்து அவன் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடினான்.

கூப்பிட்டவன் பெயர் பாங் கிதே. நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அக்காவின் பெயர் மல்ஹி. வண்டியில் போகும்போது மிசுக் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். மல்ஹி மருத்துவமனையில் இருந்தபோது மிசுக் அதே வார்டில்தான் வேலை பார்த்தாள்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு வசந்த காலத்தில், மல்ஹிக்கு இப்படித்தான் திடீரென்று சந்தோஷம் வந்தது. அப்போது சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி, கூட்டு வகைகள் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தாள். தூக்கம் போயிற்று. கடையில் இருந்ததையெல்லாம் போகிறவர் வருகிறவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாள். கடைசியில் மீன் சந்தைக் கூரைமேல் ஏறி, கையில் மைக்கோடு, ஊருக்கே தன் செலவில் விருந்து என்று அறிவித்தாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எதிர்க்கடைக்காரிதான் தன் விருந்தைக் கெடுக்க மழையை ஏவிவிட்டாள் என்று வானத்தைப் பார்த்து அவள் வைத வசவை மீன்காரிகளே காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்களாம். கிதேதான் நனைந்தபடி கூரையேறி அவளை இறக்கிக் கொண்டுவந்தான்.

"அது கூடப் பரவாயில்ல," என்றாள் மிசுக். "அதுக்கப்புறம் வந்ததுதான். வார்டுல இருந்து வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கும் மேல சுவத்தப் பாத்துப் படுத்தவ, திரும்பவே இல்ல. அந்தத் தம்பி பாவம், அவ முதுகோடயே பேசிப் பேசிக் காலத்த ஓட்டினான்."

பிறகு மருந்து பொருந்தி வந்தது. மல்ஹி எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், ஒரு தோழியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அமைதியாக இருந்தாள். கிதேக்கு அதுவே போதுமாக இருந்தது. சந்தோஷத்துக்குப் பின்னால் அந்தச் சுவர் வரும் என்பது அவன் மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்திருந்தது.

யூதால் மலையடிவாரத்தில் லிப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலிலேயே உப்புத் தண்ணீர் வாடை வந்தது. நவம்பர் மாதத்து மொக்போவில் அது அதிசயம் இல்லை. கோஸை உப்பில் ஊறவைத்துக் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடும் நாட்கள். கிதே மாடிப்படியடியில் ஓட்டுநர் சீருடையோடு நின்றுகொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான், பேருந்துக் கண்ணாடிகளைப் பார்ப்பது போல.

தூங்குவதில்லை என்றான். பாடுகிறாள் என்றான். தலைமுடிக்குச் செம்பழுப்புச் சாயம் பூசியிருக்கிறாள். ஒரு ஆளுக்கு எதற்கு அத்தனை கோஸ், லாரியில் வந்து இறங்கியது என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி முக்கியமானதைச் சொன்னான். "கல்யாணம் பண்ணிக்கப் போறாளாம் டீச்சர். தீவுல கடல்பாசி வளக்கற ஒருத்தரையாம். இன்னிக்கு மத்தியானப் படகுல அவரும் அவங்க அக்காவும் வராங்களாம், ரெண்டு வீட்டாரும் ஒண்ணா உக்காந்து பேசற சாப்பாடாம். இதுவரைக்கும் எங்க வீட்டுல அந்த ஆள யாரும் பாத்ததில்ல."

அந்த ஊரில் மனதைப் பார்க்கிறவர்களையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹயோங் அவனிடம், அந்த ஆளின் போட்டோ எதையாவது அக்கா காட்டினாரா என்று கேட்டாள்.

"காட்டினா. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூஞ்சி பூரா துணி. மீன் பிடிக்கறவனும் அப்படித்தான் இருப்பான், பேங்கக் கொள்ளையடிக்கறவனும் அப்படித்தான் இருப்பான்." கிதே பெருமூச்சு விட்டான். "ஒண்ணு, அந்த ஆளு எங்கக்கா தலைக்குள்ள இருக்கான். இல்லன்னா வெளில இருக்கற திருடன். இதுல எது நல்லதுன்னு எனக்குத் தெரியல."

மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில் ஹயோங்குக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் மாடிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கூடம் முழுக்க நெகிழித்தாள் விரித்து, நடுவில் குழந்தைகள் நீந்தலாம் போன்ற சிவப்புத் தொட்டியில் மிளகாய்த்தூளும் முள்ளங்கித் துருவலும் உப்பிறால் விழுதும் கலந்து செக்கச்செவேலென்று கிடந்தன. சுவரோரம் வடிந்துகொண்டிருந்த கோஸ்கள் மலை மாதிரி. அவற்றுக்கு நடுவே முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினாள். வந்தவர்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"கூப்பிட்டுட்டியா?" என்றாள். கோபம் இல்லை. எப்படியும் ஒருநாள் வரப்போகிற பேருந்து வந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். பிறகு மூலையிலிருந்த கையுறைக் கட்டை எட்டி எடுத்தாள். "சரி, வந்தவங்க வந்துட்டீங்க. கிம்ச்சி போடற வீட்டுல கையக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. போட்டுக்குங்க."

ஹயோங்குக்கு இது வசதியாகப் போயிற்று. எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது அவளுக்குப் பிடிக்காது. அவர்கள் என்ன செய்கிறார்களோ அதைக் கூடச் செய்வாள். பாத்திரம் துலக்குகிறவர்களோடு துலக்குவாள், நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களோடு போவாள். கைக்கு வேலை இருந்தால் வாய் பொய் சொல்ல மறந்துவிடும் என்பது அவள் கண்டுகொண்டது. அவளும் மிசுக்கும் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியருகே குந்தினார்கள். கிதே மட்டும் கதவருகே நின்றான்.

"மல்ஹி அம்மா, ராத்திரி தூங்கினீங்களா?" என்று ஆரம்பித்தாள் ஹயோங்.

"இன்னும் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள அம்மாவா? அக்கான்னு கூப்பிடுங்க." ஒரு கோஸின் இதழ்களை ஒவ்வொன்றாக விரித்து மசாலாவை உள்ளே தடவிக்கொண்டே மல்ஹி பதில் சொன்னாள். "கோஸு உப்புல கிடக்கறப்போ எவ தூங்குவா டீச்சர்? நடுவுல எழுந்து கீழ இருக்கறத மேல, மேல இருக்கறத கீழ புரட்ட வேணாமா? உங்க வீட்டுல புரட்ட மாட்டாங்களா?"

புரட்டுவார்கள். ஹயோங்கின் அம்மா அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து புரட்டுவாள். தூக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் நவம்பரில் மொக்போவின் பாதிப் பெண்களை வார்டில்தான் அடைக்க வேண்டும். ஹயோங் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

எதைத் தொட்டாலும் அப்படித்தான் வந்தது. இத்தனை கோஸ் எதற்கு? புது வருஷம் பிறந்ததும் கல்யாணம், அப்போது சரியாகப் புளித்துப் பதமாக இருக்கும், வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டப்பா. தலைச்சாயம்? நரைத்த தலையோடு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முன்னால் உட்காரவா? பாட்டு? இந்த வேலையை வாயை மூடிக்கொண்டு யார் செய்வார்கள்? மாத்திரை? காலை மாலை சோற்றோடு போகிறது, வேண்டுமானால் நர்ஸம்மா டப்பாவைத் திறந்து பார்க்கட்டும். மிசுக் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தாள். பேச்சு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கோஸிலிருந்து உப்புக்கு, உப்பிலிருந்து உப்பளத்துக்கு, அங்கிருந்து தீவுக்கு. இது வேகமா, வழக்கமா என்று ஹயோங் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு, அவள் கையிலிருந்த கோஸுக்கு ஒரு பக்கம்தான் மசாலா ஏறியிருந்தது. மல்ஹி அதைப் பிடுங்கி மறுபக்கம் தடவிக் கொடுத்தாள்.

அந்த மனிதரின் பெயர் நாம்குங். தோழியின் கடைக்குக் கடல்பாசி கொண்டுவந்து போடுகிறவர். இரண்டு குளிர்காலமாகப் பழக்கம். பாசி கொண்டுவருகிற மற்றவர்கள் எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இவர் தான் கொண்டுவந்த பாசியை விளக்குக்கு நேரே பிடித்து, நிறம் எப்படி என்று இவளைக் கேட்பாராம். அதைச் சொல்லும்போது மல்ஹியின் முகத்தில் வந்தது காதல்தான் என்று ஹயோங்குக்கு நன்றாகத் தெரிந்தது. நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று என்பதும் தெரிந்திருந்தது.

ஹயோங் அவருடைய எண்ணுக்கு அழைக்கச் சொன்னாள். மல்ஹி மூக்கு நுனியால் திரையைத் தொட்டு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலையில் பாசி வலைகளுக்கு நடுவே படகில் இருப்பார், எடுக்க மாட்டார் என்றாள். கதவருகே கிதே தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

"எடுத்தாத்தான் என்ன?" என்றான். "போன்ல பேசறவன் யாருன்னு இந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்? போன மாசம் எங்க டிப்போல ஒருத்தருக்கு அவரோட பொண்ணு குரல்லயே ஒரு திருடன் பேசினான்."

மல்ஹி கையிலிருந்த கோஸைத் தொட்டியில் வைத்தாள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

"கிதே, நீ என்ன நினைக்கறன்னு எனக்குத் தெரியும். நீ அந்தக் கூரைய நினைக்கற. நானும்தான் நினைக்கறேன். ஆனா இன்னிக்கு என்னை அந்த வண்டியில ஏத்தினா, படகுலருந்து இறங்கி வர்றவங்க மொதல்ல பாக்கப்போறது அதத்தான். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அவங்க அக்கா சொல்லுவாங்க. அதோட முடிஞ்சுடும்." அவள் ஹயோங் பக்கம் திரும்பினாள். "படகு வர்ற வரைக்கும் இருங்க டீச்சர். அவர் வரலன்னா நானே வந்து உங்க வண்டியில ஏறிக்கறேன். யாரும் புடிச்சு இழுக்க வேணாம்."

"நீயே சொன்ன," என்றான் கிதே உடனே. "நான் சொல்லல."

ஹயோங், தான் பந்தயம் கட்டுவதில்லை என்றாள். ஒரு ஆள் படகில் வருவதையும் வராததையும் வைத்து மருத்துவமனையை முடிவு செய்ய முடியாது என்றும் சொன்னாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காவும் தம்பியும் அதற்குள் ஒருவரையொருவர் பார்த்து முடித்துவிட்டார்கள். சின்ன வயதில் கடைசி இனிப்புத் துண்டுக்கு எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ அப்படி.

வேலை நடந்தது. பன்றி இறைச்சி அடுப்பில் கொதித்து வீடெல்லாம் மணத்தது. கிம்ச்சி போடும் அன்று புதுக் கிம்ச்சி இலையில் அதைச் சுற்றித் தின்னாவிட்டால் யாருக்கும் மனசு ஆறாது. மிசுக் ஹயோங்கின் காதருகே குனிந்து, என்ன நினைக்கிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் ஹயோங். நிறையப் பேசுகிறாள், அது ஒன்றுதான் இடிக்கிறது.

"நானும் காலைல இருந்து பேசிக்கிட்டேதான் இருக்கேன்," என்றாள் மிசுக். "என்னையும் ஏத்திடு, ஒரு நாலு நாள் தூங்கிட்டு வரேன்."

ஹயோங்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் கவனித்தாள், அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் சிரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம் என்று.

ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரமாக அதிர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மல்ஹியின் போன் மினுங்கியது. அவள் குனிந்து படித்தாள். படித்துவிட்டு நிமிரவில்லை. ஹயோங் எட்டிப் பார்த்தாள். நாம்குங்கிடமிருந்து வந்த செய்தி, மூன்றே சொற்கள்: காற்று. படகு இல்லை.

கிதே வந்து பார்த்தான். அவன் ஜெயித்துவிட்டான். ஆனால் ஜெயித்தவன் முகம் அப்படி இருக்காது. வாங்கிய அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவன் போல நின்றான். "ஏமாத்தறவன் இப்படித்தான் அனுப்புவான்," என்றான். அதையும் பாதியிலேயே விட்டுவிட்டான்.

ஹயோங் மல்ஹியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவள் உண்மையில் வேலை பார்க்க ஆரம்பித்தாள் என்று சொல்ல வேண்டும்.

மல்ஹி ஒரு கையுறையைக் கழற்றினாள். அந்தக் கையால் என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது. மிளகாய்க் கையென்பதால் முழங்கையை மடக்கி மேல்கைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அதிகம் அழவில்லை, குறைவாகவும் அழவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். நவம்பரில் காற்று அடிக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருடைய அக்கா புதுச்சட்டை வாங்கியிருந்தாராம், பாவம், அதைப் போட்டுக்கொண்டு துறையில் நின்றிருப்பார் என்றாள். பிறகு கையுறையைத் திரும்ப மாட்டினாள்.

"வரேன் டீச்சர். சொன்னா சொன்னதுதான். இந்தத் தொட்டிய மட்டும் முடிச்சுடறேன். இப்படியே விட்டா கோஸு துவண்டுடும், அப்புறம் யாரு தின்பா?"

"நீங்க எங்கயும் வரல," என்றாள் ஹயோங்.

கிதே நிமிர்ந்து பார்த்தான். அக்காவே ஒத்துக்கொண்டுவிட்டாளே என்றான். வரவில்லையென்றால் போகிறேன் என்று அவள் வாயாலேயே சொன்னதை இவர்களும் கேட்டார்களே என்றான். குரல் உயர்ந்தது. நாளைக்கு அவள் மறுபடி கூரைமேல் நின்றால் யார் ஏறுவது, நீங்களா என்று கேட்டான்.

ஹயோங் எழுந்து அவனருகே போனாள். கையுறை சிவப்பாக இருந்ததால் இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே பேச வேண்டியிருந்தது.

"அன்னிக்கு மழை வந்தப்போ அவங்க என்ன பண்ணாங்க, ஞாபகம் இருக்கா?"

"எதிர்க்கடைக்காரி ஏவிவிட்டான்னு கத்தினா."

"இன்னிக்குக் காத்து வந்தப்போ?"

கிதே ஜன்னலைப் பார்த்தான்.

"காலைல இருந்து நான் அவங்க சந்தோஷத்தையே மோந்து மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன் கிதே சார். அதுல ஒண்ணும் தெரியல. தெரியவும் தெரியாது. என் வீட்டுக்காரர் பாடினாக்கூட எனக்குச் சந்தேகம் வரும், அந்த லட்சணத்துலதான் இருக்கேன். ஆனா ஒருத்தர் ஏமாந்து போறப்போ எப்படி ஏமாந்து போறாங்கன்னு பாத்தா கொஞ்சம் தெரியும். உடம்பு சரியில்லாதவங்களுக்குக் காத்து மேலயும் கோவம் வரும், படகு மேலயும் வரும், உங்க மேல கண்டிப்பா வரும். நீந்தியே போறேன்னு கிளம்புவாங்க. இவங்க அழுதாங்க. அடுத்தவங்க புதுச்சட்டைய நெனச்சு வருத்தப்பட்டாங்க. அப்புறம் கோஸு துவண்டுடும்னாங்க." அவள் மல்ஹியைத் திரும்பிப் பார்த்தாள். "இது நல்லா இருக்கறவங்க படற வருத்தம். நான் பொறுப்பேத்துக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே முழு நிச்சயமில்லை. அந்த வேலையில் யாரும் யாருக்கும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். மருந்தின் அளவு பார்க்க அடுத்த வாரம் இருந்த ரத்தப் பரிசோதனையை நாளைக் காலைக்கே மாற்றச் சொல்லி மிசுக்கைப் பேசவைத்தாள். நாளையும் அதற்கு மறுநாளும் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னாள். கோஸ் வேலை முடிந்ததும் இன்று இரவு முழுத் தூக்கம் தூங்கியே ஆக வேண்டும், சாக்குப்போக்குச் சொல்ல இனி உப்புத் தண்ணீர் இல்லை என்றாள். மல்ஹி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "ரத்தம் எடுக்க வர்றவங்களுக்கும் ஒரு டப்பா கட்டட்டுமா?" என்று கேட்டாள்.

கிதே கதவருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினான். யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"அப்போ அவ சிரிச்சா நான் என்ன பண்ணணும் டீச்சர்? நிஜமாக் கேக்கறேன். இத்தன வருஷமா அவ சிரிச்சா எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடும். பஸ்ஸ ஓரமா நிறுத்தணும் போல இருக்கும்."

படித்தவற்றில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று ஹயோங் தேடிக்கொண்டிருந்தாள். மல்ஹிதான் பேசினாள்.

"கேளுடா. ஏன் சிரிக்கறன்னு கேளு. நான் சொல்றேன். சொல்றது உனக்குப் புரிஞ்சா நீயும் சிரி. புரியலன்னா இவங்களக் கூப்பிடு. நீ கேக்கவே மாட்டேங்கற. பாத்துட்டு ஓடிப் போயி போன எடுக்கற."

கிதே யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான். அந்த ஆளுடைய எண்ணைக் கொடு என்றான்.

தன் போனிலிருந்தே கூப்பிட்டான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு ஒரு கிம்ச்சி டப்பாவின் மூடிமேல் வைத்தான். இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். முதலில் காற்றுதான் கேட்டது, ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுவது போல. அதற்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல், யார் என்று கேட்டது.

கிதே நிமிர்ந்து உட்கார்ந்தான். தான் பாங் மல்ஹியின் தம்பி என்றான். எதிர்முனையில் ஏதோ கவிழ்ந்து உருளும் சத்தம். பிறகு அந்தக் குரல் மிக மரியாதையாக, காற்றுக்கு மேலே கத்தியபடி, தான் வராததற்கு மன்னிப்புக் கேட்டது. துறைக்கு வந்து படகுக்காரரிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாராம். அவருடைய அக்கா இன்னும் துறையிலேயே நின்று படகுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாராம். பின்னால் ஒரு பெண்குரல் உண்மையிலேயே யாரையோ வைதுகொண்டிருந்தது. அப்படியொரு வசவை எந்தத் திருடனும் ஏற்பாடு செய்ய முடியாது என்று மிசுக் ஹயோங்கிடம் முணுமுணுத்தாள்.

கிதே ஒரு கேள்விதான் கேட்டான். "எங்க அக்காவுக்கு உடம்புக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மல்ஹி தொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"தெரியுங்க தம்பி," என்றது குரல். "மொதல் தடவ சாப்பிடப் போனப்பவே சொல்லிட்டாங்க. எனக்கு இப்படி ஒண்ணு இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க. நான் எனக்கு முழங்கால் வலி இருக்கு, நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்கன்னேன். ரெண்டு ராத்திரி சேந்தாப்புல தூங்கலன்னா உங்களக் கூப்பிடணும்னு உங்க நம்பரக் கொடுத்து வெச்சிருக்காங்க. பேசறது வேகமாப் போனாலும் கூப்பிடணுமாம். அதுதான் எனக்குக் கஷ்டம். அவங்க எப்பவுமே வேகமாத்தான் பேசறாங்க."

கிதேயின் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. அவன் அக்காவைப் பார்த்தான். தன் எண் அந்தத் தீவில் யாரோ ஒருவரிடம், இதற்காகவே, பத்திரமாக இருந்திருக்கிறது என்பது அவனுக்கு மெல்ல மெல்ல விளங்குவது ஹயோங்குக்கே தெரிந்தது. அவன் தோள் இறங்கியது. தூக்கிக்கொண்டே நின்ற ஒரு மூட்டையின் மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டது மாதிரி.

தொண்டையைச் செருமிக்கொண்டான். காற்று நாளைக்குள் அடங்கிவிடும் என்று வானிலையில் சொன்னதாகச் சொன்னான். அடங்கினால் முதல் படகிலேயே வர வேண்டும், தனக்கு நாளை மத்தியானத்துக்கு மேல்தான் வண்டி, துறைக்குத் தானே வந்து நிற்பதாகச் சொன்னான். பேருந்தில் ஏற வருகிறவர்களுக்கு உத்தரவு போடுவது போலக் கடுமையாகத்தான் சொன்னான். எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப் போகும்போது, தானாக வாயில் வந்துவிட்டது. "அப்போ பாக்கலாம் அத்தான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. காது வரை சிவந்துபோனான்.

மல்ஹி சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மாடிப்படியில் எதிரொலிக்கச் சிரித்தாள். மேல்வீட்டுக் கதவு திறந்து, என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். கிதேயின் கை பழக்கத்தில் போனை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

"ஏன் சிரிக்கற?" என்று கேட்டான்.

"நீ அவர அத்தான்ன," என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி. "மூஞ்சிய எப்படி வெச்சிருந்த தெரியுமா? சில்லறை தராத பயணிய இறக்கிவிடற மாதிரி வெச்சுக்கிட்டு, அத்தான்ன."

கிதே யோசித்துப் பார்த்தான். அது புரிந்தது. உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் அவனும் வாய்விட்டே சிரித்தான். பல வருஷமாக ஓட்டாமல் கிடந்த வண்டி கிளம்புவது போல இடறி இடறி வந்தது அந்தச் சிரிப்பு. மேல்வீட்டுக்காரியிடம் மிசுக் எட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை, கிம்ச்சி போடுகிறோம் என்றாள்.

அதற்கப்புறம் அவன் சீருடைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையுறை கேட்டு வாங்கிக்கொண்டு தொட்டியருகே வந்து குந்தினான். இன்னும் நிறையக் கோஸ் மீதி இருந்தது.